சத்தம் நின்றுபோன பள்ளிக்கூடம்

எங்கள் வீட்டில் இப்போது குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மகளுக்கு ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. அவளுடைய அறைக் கதவு சாத்தப்பட்டதும், நுவரெலியாவில் நாங்கள் இருக்கிற இந்த வாடகை வீடு ஆஸ்பத்திரி வார்ட்டு மாதிரி ஆகிவிடும். குக்கர் சீறப்போகிறது என்று தெரிந்ததும் மனைவி பாய்ந்து அடுப்பை அணைத்துவிடுகிறாள். அதனால் சில வாரங்களாகப் பாதி வெந்த பருப்பைத்தான் சாப்பிட்டு வருகிறோம். அதையும் சத்தமில்லாமல் மெல்ல வேண்டியிருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் எனக்குத் தும்மல் வந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டேன். உள்ளே அடைபட்ட தும்மல் என்ன செய்யும்? நாய்க்குட்டி மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. கதவு திறந்தது.

“அப்பா, நான் படிக்கவா வேணாமா?”

“தும்மல்தானே புள்ள.”

“வெளிய போய்த் தும்முங்க.”

ஊரில் எத்தனையோ பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்திய வாத்தியார் நான். என் வீட்டு வாசலில், அந்தக் குளிரில், ஸ்வெட்டர்கூட இல்லாமல் நின்று தும்மிவிட்டு உள்ளே வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. புது மேசையின் வார்னிஷ் வாசம் அறையிலிருந்து வந்தது. மேசை விளக்கு, சாயும் நாற்காலி, கால் வைக்க ஒரு பலகை. அந்த மேசையில் உட்கார்ந்தால் நான்கூட பாஸ் பண்ணிவிடுவேன் போலிருந்தது.

வார்னிஷ் வாசம் இருக்கிறதே, அது என்னை எங்கேயும் கொண்டுபோகாது. ஏனென்றால் நான் முதன்முதலில் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் எதற்கும் வார்னிஷ் கிடையாது. அங்கே மேசைகளுக்குத் தேயிலை வாசம்தான். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளை யாரோ ஒரு புண்ணியவான் ஆணியடித்து மேசையாக்கியிருந்தார். இடுக்குகளில் தூள் அப்படியே இருந்தது. மழைக்காலத்தில் பலகை ஊறினால் வகுப்பு முழுவதும் ஆறிப்போன பிளேன்டீ மாதிரி மணக்கும். பிள்ளைகள் முழங்கையை ஊன்றி எழுதிவிட்டு எழுந்தால் கையில் பழுப்புச் சாயம் ஒட்டியிருக்கும். சில பலகைகளில் ஏற்றுமதி எழுத்துக்கள்கூட அழியவில்லை. முதலாம் வகுப்பில் ஒருவன் அ, ஆ தெரிவதற்கு முன்பே தன் மேசையில் இருந்த ஆங்கில எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகியிருந்தான். அதைத்தான் தன் பெயர் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டம். தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குக் கீழே, தேயிலைச் சரிவின் அடியில், பின்னால் உயரமான மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீளமான மண்டபம். அதுதான் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புகள். நடுவில் சுவர் இல்லை, தட்டி இல்லை, ஒரு சேலைகூட இல்லை. ஒரு வகுப்பு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் திரும்பியிருக்கிற திசையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே தகரம். மழை அடித்தால் ஐந்து வகுப்பும் ஒரே பாடம்: மழை. வாயசைவைப் பார்த்தே நான் என்ன சொல்கிறேன் என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். நான் கொட்டாவி விட்டதைக்கூட ஒருத்தி கொப்பியில் எழுதப் பார்த்தாள்.

மழை இல்லாத நாளில் நாங்களே மழை. இரண்டாம் வகுப்பு ராஜேஸ்வரி டீச்சரின் குரல் தோட்டத்தின் அடுத்த டிவிசன் வரை போகும். அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால், என் ஐந்தாம் வகுப்பில் நான் சுற்றாடல் பாடத்தில் குளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, “எத்தன வகக் குளம் இருக்கு?” என்று கேட்டால், “நாலஞ்சு இருபது” என்று பதில் வரும். அதிலும் ஒரு வசதி இருந்தது. நான் கேட்ட கேள்விக்கு என் வகுப்பு விழித்தால் மூன்றாம் வகுப்பிலிருந்து யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். ஒரே பாடத்தை வருஷக்கணக்காகப் பின்பக்கமாகக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு சம்பளத்தில் ஐந்து வகுப்புக்கும் படிப்பித்தவன் நான் என்று இன்றைக்கும் பெருமை பேசலாம், கேட்க ஆள் இருந்தால்.

சிரிக்காத விஷயங்களும் உண்டு. ஜன்னல் ஒரு பக்கம்தான். மறுபக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளைக்குக் கரும்பலகை ஒரு கறுப்பு மூட்டம். அந்தப் பிள்ளைக்குக் கவனமில்லை என்று பெயர். மலசலகூடம் இருந்தது, கதவு இல்லை. அதனால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கடைசிப் பாடத்துக்குள் தலைவலி வந்து மேசையில் கவிழ்ந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சோம்பேறிகள் என்று பெயர். பெயர் வைப்பதில் மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தக் குறைபாடும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரைக்கும் ஒரு பிள்ளைகூட ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணியதில்லை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். என் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி இப்போது கல்யாண வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவைக்கிறாள், அந்த அறிவு அன்றைக்கு அங்கே யாருக்கும் இல்லை. “இந்த வருஷம் நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள பாஸ் பண்ணும், இது நான் குடுக்குற வாக்கு” என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள்.

பள்ளிக்கூட அதிபர் சொன்னார்: “தம்பி, நீங்க வாக்குக் குடுத்தது சனங்களுக்கு இல்ல, அம்மனுக்கு. மைக்கு அந்தப் பக்கந்தான் திரும்பியிருந்திச்சு.”

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. கலைவாணி. மெலிந்த, பெரிய கண் உள்ள பிள்ளை. அவளுடைய அம்மா பார்வதி கொழுந்து எடுக்கிறவர். மூத்த மகள் ஐந்தாம் வகுப்போடு நின்று கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். ஆறாம் வகுப்பு இருக்கிற பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம். அட்டை கடிக்கிற பாதை, பஸ் இல்லை. பெண் பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை. பாஸ் பண்ணினால் தலவாக்கலை டவுனில் பெரிய பள்ளிக்கூடம், விடுதி, மாதா மாதம் உதவித்தொகை. இல்லாவிட்டால் அக்கா போன வழி. பார்வதி என்னிடம் நீட்டி முழக்கவில்லை.

“சேர், இவளயாவது கரண்டி புடிக்காம பாத்துக்குங்க.”

நான் தலையாட்டினேன்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், பிள்ளைகள் படிக்க அமைதியான சூழல் வேண்டும் என்பது. அமைதிக்குத் தோட்டத்தில் எங்கே போவது? லயத்தில் குழந்தைகள், கோழிகள், ரேடியோ. கோயிலில் லவுட்ஸ்பீக்கர். கடைசியில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தைக் கண்டுபிடித்தேன். மலை நடுவில் கூரை போட்ட வெறும் கொட்டகை. காலை நிறுவைக்கும் பகல் நிறுவைக்கும் இடையில் அங்கே ஈ, காக்கை இராது. பரீட்சைக்குப் போகிற என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சீமெந்துத் தரையில் உட்காரவைத்து, வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, கல்வி அமைச்சரைப் போல முதுகில் கைகட்டி உலாவினேன்.

தாள்களைத் திருத்தினால் தலை சுற்றியது. மண்டபத்து இரைச்சலில் மளமளவென்று சரியாகச் செய்கிற கலைவாணி, இங்கே பாதிக் கணக்கைத் தொடவே இல்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். நான் என்னென்னவோ யோசித்தேன். காலையில் சாப்பிடவில்லையோ? கண் பட்டுவிட்டதோ? கண் என்றால் மைக்கில் பேசியவனுடைய கண்தான், வேறு யாருடையது? ராஜேஸ்வரி டீச்சரிடம் சொல்லி அவளுக்குத் திருஷ்டி சுற்றிப்போடவைத்தேன். மிளகாய் நெடி தாங்காமல் எனக்குத்தான் இருமல் வந்தது.

ஒரு நாள் தாள் முடிவதற்கு முன்பே பகல் நிறுவைக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிய படங்கு, முதுகில் நிறைந்த கூடை. தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: “என்ன சேர், புள்ளைங்களயும் நிறுக்கப் போறீங்களா?”

“எம் புள்ளைய முதல்ல போடுங்க, தண்ணி பிடிச்சிருக்குன்னு எடையில கழிச்சிறாதீங்க” என்றாள் இன்னொருத்தி.

பார்வதி சிரிக்கவில்லை. மகளுடைய வெறுந்தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. வெள்ளை தெரியும்.

அன்றைக்குப் பின்னேரம் கலைவாணியைத் தனியாகக் கேட்டேன். “என்னா புள்ள, உடம்புக்கு ஏதும் செய்யுதா?”

“இல்ல சேர்.”

“அப்ப ஏன் எழுத மாட்டேங்கிற?”

“அங்க ஒன்னுமே கேக்க மாட்டேங்குது சேர்.”

“கேக்கலன்னா நல்லதுதானே.”

“உள்ளுக்குள்ள யாரோ பேசுற மாதிரியே இருக்கு. பயமா இருக்கு.”

“யாரு பேசுறது?”

“நான்தான் சேர்.”

அந்த இடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. மலைநாட்டுக் குளிரில் வியர்ப்பது சாதாரணமில்லை. இந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் அமைதியில் உட்கார்ந்ததே கிடையாது. லயத்து அறையில் எட்டுப் பேர். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு. அவள் யோசிக்கக் கற்றுக்கொண்டதே இரைச்சலுக்கு முதுகைச் சாய்த்துக்கொண்டுதான். அந்த முதுகுச் சாய்வை நான் உருவிவிட்டேன். டவுன் பள்ளிக்கூடத்துப் பரீட்சை மண்டபமோ ஊசி விழுந்தால் கேட்கிற இடம். பாடமெல்லாம் படிப்பித்தாயிற்று, அமைதியை யாரும் படிப்பிக்கவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லையே.

அதிபரிடம் போய், தினம் பத்து நிமிஷம் பள்ளிக்கூடம் முழுவதும் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்றேன்.

“தம்பி, நான் இங்க வந்த நாளா அதத்தான் கத்திக்கிட்டு இருக்கேன்” என்றார். கத்திக் கத்தியே அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

ஆனாலும் ஒத்துக்கொண்டார். இடைவேளை முடிந்ததும் விளையாட்டு மாதிரி ஏற்பாடு செய்தோம். பேசாமல் இருக்கிற வகுப்புக்கு டொபி மிட்டாய். ஐந்தாம் வகுப்பு தாள் எழுதும், மற்றவர்கள் மேசையில் தலை கவிழ்ந்து கிடக்க வேண்டும். ஒரு நிமிஷம்கூட தாங்காது என்று நினைத்தேன். டொபியின் சக்தியை நான் குறைவாக எடை போட்டிருந்தேன். மணியடித்ததும் நிஜமாகவே நின்றுவிட்டது. தகரத்தில் ஏதோ பறவை நடப்பது கேட்டது. தூரத்தில் ஸ்டேசன் பக்கம் ரயில் மூச்சு விடுவது கேட்டது. ராஜேஸ்வரி டீச்சர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார். அந்தக் காட்சி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அது தொடர்ந்து ஒரு வாரம் மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம் என்பதையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அந்த மண்மேடு இருந்தது என்பதையும் நான் யோசிக்கவில்லை.

மேலே சரிவிலிருந்து ஒரு குரல் கேட்டது. “ஏய், பள்ளிக்கூடத்துல சத்தத்தக் காணோம்டி.”

பிறகு பல குரல்கள். பிறகு காலடிகள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பெண்கள் விழுந்தடித்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கூடையிலிருந்து கொழுந்து வழியெல்லாம் கொட்டியது. முதலில் வாசலுக்கு வந்தது பார்வதி. ஒரு காலில் செருப்பு இல்லை. கூடைக் கயிறு இன்னும் தலையில்தான் இருந்தது. மூச்சு வாங்க, “மண்ணு சரிஞ்சிருச்சா?” என்று கேட்டு, கண்ணால் மண்டபம் முழுவதும் தேடினார். கவிழ்ந்து கிடக்கிற தலைகளைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

கலைவாணி தலையை நிமிர்த்தினாள். அம்மாவைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

“ஷ்... அம்மா, பத்து நிமிசம் இன்னும் முடியல.”

பார்வதி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்களில் ஒருத்தி அழுதாள், ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி தன் மகனை வாங்கிலிருந்து தூக்கி, உயிரோடு இருக்கிறான் என்று நிச்சயமானதும், முதுகில் ஒன்று வைத்தாள். இன்னொருத்தி என்னைப் பார்த்து, “சேர், யாரும் செத்துப்போனாத்தான் இங்க இப்பிடி இருக்கும். ஒரு வார்த்த முன்னாடி சொல்லக்கூடாதா?” என்றாள். வெளிறிப்போயிருந்த என்னைப் பார்த்து, கடைசியில் அவர்கள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “மலைய விட்டுப்புட்டு எல்லாரும் இங்க என்ன பண்றீங்க?” என்று பெண்களிடம் கத்திவிட்டு, விஷயம் தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார். “சேர், நீங்க பாடம் நடத்துங்க, நடத்தாமப் போங்க. சத்தத்த மட்டும் நிறுத்தாதீங்க. எனக்குக் கொழுந்து கொறையுது.”

பார்வதி படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “நிறுத்தட்டும் ஐயா. புள்ளைக்குத் தேவன்னா நிறுத்தட்டும். எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சாப் போதும்.”

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. அப்படியொன்று உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும்போது கண்டாக்கையா கடைசியாகச் சொல்வார்: “இடைவேளைக்கு அப்பறம் பள்ளிக்கூடத்துல சத்தம் இருக்காது. யாரும் பயப்பட வேணாம்.” பெரிய அரசாங்க அறிவித்தல் மாதிரி. முதல் சில நாள் அந்த நேரத்தில் சரிவில் பெண்களின் கை வேகம் குறைந்துவிடும். சத்தம் திரும்ப வந்ததும் பழையபடி கொழுந்து பறக்கும்.

கலைவாணி மெல்ல மெல்லத் தேறினாள். முதலில் உதட்டை அசைத்துக்கொண்டு எழுதினாள். பிறகு காலை ஆட்டிக்கொண்டு. பிறகு சும்மா. பத்து நிமிஷம் இருபதானது, பாதிப் பாடவேளையானது.

பரீட்சை அன்று டவுன் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வெளியே நான் குடித்த பிளேன்டீக்குக் கணக்கில்லை. உள்ளே வெள்ளைச் சுவர், கண்ணாடி ஜன்னல், ஆளுக்கொரு மேசை, நாற்காலி. எங்கள் பிள்ளைகள் உள்ளே போகும்போது சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார்கள். கேட் மூடியது. சத்தமே இல்லை. நான் கடைக்கும் கேட்டுக்கும் நடந்தேன். டவுன் தகப்பன் ஒருவர் என்னைப் பார்த்து, “உள்ள எழுதுறது உங்க புள்ளயா?” என்று கேட்டார். “இல்ல, எல்லாம்” என்றேன். அவர் தள்ளி நின்றுகொண்டார்.

கலைவாணி கடைசியாக வந்தாள்.

“எப்பிடி புள்ள?”

“மொதல்ல அந்தப் பயம் வந்திருச்சு சேர். பத்து நிமிசத்த மாதிரி இல்ல, ரொம்ப அமைதியா இருந்துச்சு.”

“அப்பறம்?”

“பக்கத்து மேசையில ஒரு டவுன் பையன். அவனுக்குச் சளி. மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தான். அதக் கேட்டுக்கிட்டே எழுதிட்டேன் சேர்.”

முகம் தெரியாத அந்தப் பையனுக்கு இன்றுவரை நான் நன்றிக்கடன் பட்டவன். எங்கே இருந்தாலும் சளி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

கலைவாணி பாஸ் பண்ணினாள். அவள் மட்டும்தான். மற்றப் பிள்ளைகளுக்கும் மூளை அவளுக்கிருந்த மூளைதான். அவளுடைய இடம் ஜன்னல் பக்கம், கூரை ஒழுகாத இடம். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் சொன்னால் பரீட்சைத் திணைக்களம் ஒத்துக்கொள்ளாது. திணைக்களம் அந்த மண்டபத்தில் ஒரு மழைக்காலம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அவளை விடுதியில் விட்டுவிட்டு வந்த வாரம், பார்வதியை வழியில் கண்டேன். பெருமையாக இரண்டு வார்த்தை கேட்கலாம் என்றுதான் நின்றேன், ஒளிப்பானேன்.

“சந்தோசந்தானே?”

“சந்தோசம் சேர். அதில என்ன சந்தேகம்.” கூடையை இறக்கி வைத்தார். “அவ ஒன்னாம் வகுப்புல சேந்த நாள்லேர்ந்து, மலையில எங்க நின்னாலும் அவ வாசிக்கிறது எனக்குக் கேக்கும் சேர். அத்தன புள்ளைங்க கத்துனாலும் அவ குரல் தனியாத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போனதில்ல, இருந்தாலும் அவ படிச்சதெல்லாம் அவகூடவே நானும் கேட்டேன். இப்ப காத வச்சுக்கிட்டு நிக்கிறேன். எல்லாப் புள்ளைங்களும் கேக்குது.”

அவர் கூடையை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

அந்த மண்டபம் இப்போது இல்லை. மண்மேட்டைச் செதுக்கித் தடுப்புச் சுவர் கட்டி, வகுப்புக்கு ஓர் அறை, குழாயில் தண்ணீர், கதவுள்ள மலசலகூடம் என்று எல்லாம் வந்துவிட்டன. பிள்ளைகள் வருஷா வருஷம் பாஸ் பண்ணுகிறார்கள். பழைய மண்டபம் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். விட்டால், அதில் ஒழுகி நனைந்த பிள்ளைகள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். நல்ல கட்டடம். கண்ணாடி ஜன்னலைச் சாத்தினால் மழை உள்ளே வராது, பாடம் வெளியே போகாது. மேலே சரிவில் கொழுந்து எடுக்கிற அம்மாமார், பிள்ளை இன்றைக்கு என்ன படித்தது என்று பின்னேரம் வீட்டுக்கு வந்துதான் கேட்கிறார்கள். “ஒன்னுமில்ல” என்கிறதாம் பிள்ளை.